மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை: எது எப்போது வேலை செய்யும்?

மனநல மருத்துவரை முதன்முறை பார்த்துவிட்டு வருபவரின் சீட்டில் பெரும்பாலும் இரண்டு மாத்திரைகள் இருக்கும். ஒன்று எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுஆக்ஸெட்டின் போன்றது; காலையில் சாப்பாட்டுக்குப் பின். இன்னொன்று குளோனசிபாம் அல்லது அதன் வகையில் ஏதோ ஒன்று. இரவில், படுக்கப் போகும்போது. இரவு மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். படபடப்பு அடங்கும், பல நாள் வராத தூக்கம் வரும். காலை மாத்திரையோ ஒரு வாரம் ஆனாலும் நல்லது எதையும் செய்த மாதிரி தெரியாது. வயிற்றைப் புரட்டும், தலை வலிக்கும். உடனே ஒரு முடிவு எடுக்கப்படுகிறது: "ராத்திரி மாத்திரைதான் கேக்குது. காலையில போடுறது நமக்கு ஒத்துக்கல." காலை மாத்திரை நின்றுவிடுகிறது. இரவு மாத்திரை தொடர்கிறது, சிலருக்கு வருடக்கணக்கில்.

இது அப்படியே தலைகீழ். நோயைக் குணமாக்கும் வேலை காலை மாத்திரையுடையது. இரவு மாத்திரை, அது வேலை செய்யத் தொடங்கும்வரை நாட்களைத் தாண்டுவதற்கான துணை. எந்த மருந்து எப்போது பலன் தரும், எப்போது தொந்தரவு தரும், எப்போது நிறுத்தலாம் என்ற கால ஓட்டம் தெரியாததால்தான் பலருக்கு இந்தச் சிகிச்சை பாதியில் கெட்டுப்போகிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், மனம் கனத்தே இருப்பது. பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது. அதோடு தூக்கம், பசி, உடல் தெம்பு, கவனம் எல்லாம் குலைவது. தான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் பல சேர்ந்து வந்து அன்றாட வேலையையே முடக்கினால் அது மனச்சோர்வு நோய். பதற்றக் கோளாறு பல உருவில் வரும். எந்நேரமும் ஓயாத கவலை ஒரு வகை. திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இதோ சாகப்போகிறோம் என்று தோன்றும் பீதி இன்னொரு வகை. நாலு பேர் முன்னால் பேசவோ சாப்பிடவோ முடியாத அச்சமும் உண்டு. நம் ஊர்களில் இரண்டு நோயுமே உடம்பின் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியே வரும். நெஞ்சு அடைப்பு, வயிற்றெரிச்சல், உடம்பெல்லாம் வலி, கை கால் வெடவெடப்பு என்று சொல்லிக்கொண்டு இசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் முடித்து, "ஒன்றுமில்லை" என்று நாலு மருத்துவர்கள் சொன்ன பிறகே மனநல மருத்துவரிடம் வருகிறார்கள். அந்த 'ஒன்றுமில்லை' தவறான பேச்சு. இதயத்தில் ஒன்றுமில்லை, நோய் இருக்கிறது.

நல்ல மருத்துவர் மாத்திரை எழுதுமுன் தைராய்டு, ஹீமோகுளோபின், சில சமயம் பி12 அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார். தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு போலவே இருக்கும்; அதிகமானால் பதற்றம் போலவே இருக்கும்.

இந்த மருந்துகள் வந்த கதை தெரிந்தால் அவற்றின் குணமும் ஓரளவு புரியும். முதலில் வந்த மருந்துகளை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த ஸீ வியூ காசநோய் மருத்துவமனையில் இப்ரோனியாஸிட் என்ற புதிய காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் சுருண்டு கிடந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள், சிலர் ஆடவே செய்தார்கள். நுரையீரலுக்குக் கொடுத்த மருந்து மனதையும் தொட்டது. நேதன் கிளைன் என்ற மனநல மருத்துவர் 1957இல் அதை மனச்சோர்வுக்கான மருந்தாக முன்வைத்தார். கல்லீரலைக் கெடுத்ததால் அது பின்னால் கைவிடப்பட்டது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் கூன், மனச்சிதைவு நோய்க்காக வந்த இமிப்ரமின் என்ற மருந்தைச் சோதித்தார். மனச்சிதைவுக்கு அது உதவவில்லை. ஆனால் மனச்சோர்வு இருந்தவர்கள் தேறினார்கள். அதையும் அவர் 1957இல் வெளியிட்டார். தூக்கமும் அமைதியும் தரும் மாத்திரைகளின் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் உருவாக்கி, ஆய்வகத்தில் கண்டுகொள்ளாமல் கிடந்த ஒரு சேர்மத்தை 1957இல் சோதனைக்கு அனுப்பினார்கள். அது 1960இல் லிப்ரியம் என்ற பெயரிலும், அதன் உறவான டயஸிபாம் 1963இல் வாலியம் என்ற பெயரிலும் கடைக்கு வந்தன. இன்று அதிகம் எழுதப்படும் வகையில் முன்னோடியான ஃப்ளுஆக்ஸெட்டின், புரோஸாக் என்ற பெயரில், 1987 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மருந்து பலன் தருவது முதலில் தெரிந்தது. ஏன் தருகிறது என்ற விளக்கம் பின்னால் தேடப்பட்டது. அந்த விளக்கங்களில் ஒன்றுதான் "மூளையில் செரோடோனின் குறைந்துபோச்சு, மாத்திரை அதை நிரப்புது" என்பது. செரோடோனின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். கேட்க எளிதாக இருப்பதால் மருத்துவர்களும் பல காலம் அப்படியே சொல்லிவந்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்குச் செரோடோனின் குறைவு என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்பதை 2022இல் பிரிட்டன் மனநல மருத்துவர் ஜோஆனா மான்கிரீஃப் குழுவினர் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் காட்டினார்கள். அதை வைத்து "அப்போ மாத்திரையே பொய்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. காரணம் பற்றிய விளக்கம் தப்பாக இருக்கலாம். மருந்து நோயாளிகளைத் தேற்றுகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குத் தனியாகச் சோதனைகள் உண்டு. பாரசிட்டமால் காய்ச்சலைக் குறைக்கிறது என்பதால் உடம்பில் பாரசிட்டமால் குறைந்துதான் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லையே.

எஸ்சிட்டலோபிராம் வகை மருந்து செய்வது இது: ஒரு நரம்பணு வெளியிடும் செரோடோனினைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. மருந்து அந்தப் புரதத்தை அடைக்கிறது. அதனால் இரண்டு நரம்பணுக்களுக்கு நடுவே செரோடோனின் கூடுதல் நேரம் தங்குகிறது. இது முதல் மாத்திரையிலேயே, சில மணி நேரத்தில் நடந்துவிடும். ஆனால் மனம் தேறுவதற்கு வாரங்கள் ஆகின்றன. கூடுதல் செரோடோனினுக்கு ஏற்ப நரம்பணுக்கள், செரோடோனினைப் பிடித்துக்கொள்ளும் தங்கள் ஏற்பிகளையும் இணைப்புகளையும் மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ள எடுக்கும் காலம் அது என்பது இப்போதைய புரிதல்.

வயிறு மட்டும் ஏன் முதல் நாளே புரட்டுகிறது? உடம்பிலுள்ள செரோடோனினில் மிகப் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. மருந்து அங்கும் வேலை செய்கிறது. அதனால்தான் குமட்டலும் வயிற்றுப்போக்கும் முந்திக்கொண்டு வருகின்றன. இதை மருந்து கொடுக்கும்போதே ஒருவர் சொல்லிவிட்டால் எத்தனையோ பேர் நடுவில் நிறுத்தமாட்டார்கள்.

சரி, வாரம் வாரமாகப் பார்க்கலாம்.

முதல் வாரமும் இரண்டாம் வாரமும்தான் கஷ்டமானவை. குமட்டல், தலைவலி, வாய் உலர்வது, வியர்வை, தூக்கம் கெடுவது அல்லது பகலில் தூங்கி வழிவது வரலாம். பதற்ற நோய் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் நடக்கும்: படபடப்பு குறைவதற்குப் பதில் சில நாள் கூடும். பீதி நோய் இருப்பவர் மருந்தைக் கண்டே பயந்துபோவது இதனால்தான். இதைத் தவிர்க்கவே மருத்துவர்கள் குறைந்த அளவில் ஆரம்பிக்கிறார்கள். எஸ்சிட்டலோபிராம் என்றால் 5 மில்லிகிராம், செர்ட்ராலின் என்றால் 25 மில்லிகிராம், அப்புறம் மெதுவாக ஏற்றுவது. அந்தச் சில நாட்களைத் தாண்டத்தான் குளோனசிபாம். குமட்டல் இருந்தால் சாப்பிட்ட உடனே போட்டுக்கொள்ளலாம். தூக்கம் கெட்டால் காலையில், தூக்கம் வந்தால் இரவில் என்று நேரத்தை மாற்றிக்கொள்ள மருத்துவரிடம் கேட்கலாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் இவை தானாக அடங்கிவிடும்.

இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் மாற்றம் தொடங்கும். நோயாளிக்கு முன் வீட்டார் கண்ணில்தான் அது முதலில் படும். கொஞ்சம் கூடச் சாப்பிடுகிறார், குளிக்கச் சொல்லத் தேவையில்லை, அழைத்தால் திரும்பிப் பார்க்கிறார். மனதின் பாரம் குறைவது அதற்குப் பிறகு வரும். முழுப் பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம். எண்ணச் சுழல் நோய்க்கு, அதாவது ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து கை கழுவ வைக்கும், பூட்டைச் சரிபார்க்க வைக்கும் அந்த நோய்க்கு, அளவும் அதிகம் வேண்டும். காலமும் 10, 12 வாரம் ஆகும். சரியான அளவில் நாலு வாரம் போட்டும் துளியும் மாற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டுவதா, மருந்தை மாற்றுவதா என்று மருத்துவர் யோசிப்பார். மூன்றாம் நாளில் எடுக்க வேண்டிய முடிவு அது இல்லை.

எல்லாருக்கும் பலன் கிடைக்குமா? கிடைக்காது. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் ஆண்ட்ரியா சிப்ரியானி குழு 522 சோதனைகளை, 1,16,477 பேரின் தரவுகளை, ஒன்றுசேர்த்து 21 மருந்துகளை அலசியது. 21 மருந்துகளும், ஒப்பிடுவதற்காகக் கொடுக்கப்படும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலானவைதான். வித்தியாசம் மட்டும் சராசரியாகப் பார்த்தால் மிதமானது. வெற்று மாத்திரையிலேயே கணிசமானோர் தேறுகிறார்கள் என்பதும் உண்மை. அமெரிக்காவில் நடந்து 2006இல் முடிவு வெளியான ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வில், முதல் மருந்தில் முழுமையாகத் தெளிந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மற்றவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த மருந்தில் தெளிந்தார்கள். ஆகவே முதல் மாத்திரை பலிக்கவில்லை என்றால் உங்களுக்கு மருத்துவமே இல்லை என்று அர்த்தம் இல்லை. எந்த மருந்து யாருக்கு ஒத்துவரும் என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை நடைமுறையில் இல்லை. வீட்டில் அண்ணனுக்கோ அம்மாவுக்கோ ஒரு மருந்து நன்றாகக் கேட்டிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்; அது ஒரு பயனுள்ள துப்பு.

நோய் லேசாக இருந்தால் மாத்திரை இல்லாமலே பேச்சு சிகிச்சையில், அதிலும் எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாகத் திருத்தும் வகையில், தேற முடியும். நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் பெரும்பாலும் மருந்து தேவைப்படும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டில் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் குறைவு, செலவும் அதிகம். அதனால் பலருக்கு மாத்திரை மட்டுமே கைக்கெட்டும் சிகிச்சையாக இருக்கிறது. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை. அதற்காக மாத்திரையையும் வேண்டாம் என்று ஒதுக்கினால் நோயாளிக்கு ஒன்றுமே மிஞ்சாது.

இப்போது அந்த இரவு மாத்திரைக்கு வருவோம். குளோனசிபாம், அல்பிரஸோலம், லோராசிபாம், டயஸிபாம் எல்லாம் ஒரே குடும்பம். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இவை வலுப்படுத்துகின்றன. அதனால்தான் உடனடி நிம்மதி. தேவையான நேரத்தில், இரண்டிலிருந்து நாலு வாரம் வரை, இவை நல்ல மருந்துகள்தான். அதைத் தாண்டினால் மூளை பழகிக்கொள்கிறது. பழைய அளவு போதாமல் போகிறது. மாத்திரையின் வேகம் இறங்கும்போது பதற்றம் முன்னைவிட ஏறி வருகிறது. அல்பிரஸோலம் போலச் சீக்கிரம் இறங்குபவற்றில் இது இன்னும் மோசம். பல மாதம் போட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். வயதானவர்கள் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதற்கும், மறதி கூடுவதற்கும் இவை காரணமாகின்றன. மதுவும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

"மாத்திரை பழகிப்போயிடும், பாத்து" என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுவது இந்த மருந்துக் குடும்பத்துக்குப் பொருந்தும். அந்தப் பயத்தைக் கொண்டுபோய் எஸ்சிட்டலோபிராமின் மேல் ஏற்றுவதுதான் தவறு. இந்தியாவில் அல்பிரஸோலம் முதலானவை எச்1 பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் சீட்டைப் பார்த்து, நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். நடைமுறையில் பழைய சீட்டைக் காட்டி வாங்குவதும், பக்கத்து வீட்டு அக்கா அட்டையிலிருந்து இரண்டு கிழித்துக் கொடுப்பதும் நடக்கிறது. காலை மருந்தையும் இரவு மருந்தையும் ஒரே மாத்திரையாக அடைத்தும் இங்கே விற்கிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. ஒன்றை நிறுத்த வேண்டிய நேரத்திலும் அதை இன்னொன்றோடு சேர்த்தே விழுங்க வேண்டியிருக்கிறது. உங்கள் அட்டையின் பின்னால் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். அங்கே இரண்டு பெயர் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

மற்ற மருந்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வென்லாஃபாக்ஸின், டுலாக்ஸெட்டின் ஆகியவை செரோடோனினோடு நார்அட்ரினலின் என்ற இன்னொரு நரம்பு வேதிப்பொருளையும் பாதிப்பவை. உடம்பு வலியோடு வரும் மனச்சோர்வுக்கு டுலாக்ஸெட்டின் உதவும். வென்லாஃபாக்ஸின் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். மிர்டஸபின் பசியையும் தூக்கத்தையும் கூட்டும். இளைத்துப்போய்த் தூங்காமல் கிடப்பவருக்கு வரம், ஏற்கெனவே எடை கூடியவருக்குச் சிக்கல். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் பலன் தருபவைதான், ஆனால் மலச்சிக்கல், வாய் உலர்வு அதிகம். அளவுக்கு மீறி விழுங்கினால் இதயத்தைத் தாக்கும். அதனால் தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில் ஒரு மாதத்து அட்டையை அவர் கையில் கொடுத்துவைப்பது ஆபத்து. மேடையேறும் முன் கை நடுங்குபவருக்கு எழுதும் புரோபிரனலால் இதயத்துடிப்பைத்தான் அடக்கும். ஆஸ்துமா உள்ளவர் அதைத் தொடக்கூடாது.

யாரும் வாய்விட்டுப் பேசாத பக்கவிளைவு ஒன்று உண்டு. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், பராக்ஸெட்டின் போன்றவை தாம்பத்திய ஆசையைக் குறைக்கலாம், ஆண்களுக்கு விந்து வெளியேறுவது தாமதமாகலாம், பெண்களுக்கு உச்சம் எட்டாமல் போகலாம். முதல் வாரத் தொந்தரவுகள் போல இது தானாகப் போய்விடுவதில்லை. வெட்கப்பட்டு மருத்துவரிடம் சொல்லாமல், மருந்தைத் தாங்களாகவே நிறுத்தி, மூன்று மாதத்தில் நோய் திரும்பி வருபவர்கள் உண்டு. சொன்னால் அளவைக் குறைக்கவோ, மிர்டஸபின், புப்ரோபியான் போன்றவற்றுக்கு மாற்றவோ வழி இருக்கிறது. புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம்; அதில் தப்பே இல்லை.

நான்கு விஷயங்களை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும். எப்போதாவது சில நாட்கள் தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, கண்டபடி செலவு செய்து, வாய் ஓயாமல் பேசித் திரிந்தது உண்டா? இருந்தால் அது இருமுனை நோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் அந்த வெறி நிலை கிளம்பிவிடக்கூடும். இரண்டாவது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பது. ஆஸ்பிரின், மூட்டுவலி மாத்திரைகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு அபாயம் கூடும். டிரமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்தால் செரோடோனின் மிதமிஞ்சி நடுக்கம், காய்ச்சல், குழப்பம் வரலாம். முதியவர்கள் பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தள்ளாட்டமும் குழப்பமும் வரக்கூடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். மூன்றாவது, கர்ப்பம், தாய்ப்பால். கர்ப்பம் தெரிந்த அன்றே பயந்துபோய் மருந்தை நிறுத்தாதீர்கள். சிகிச்சை இல்லாத மனச்சோர்வும் தாயையும் குழந்தையையும் பாதிக்கும். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குச் செர்ட்ராலினை மருத்துவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்காவது, நோயாளியின் வயது. 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2004இல் சிறுவர்களுக்கும் 2007இல் 24 வயது வரையும் எச்சரிக்கை விடுத்தது. கல்லூரிப் பிள்ளைக்கு மருந்து ஆரம்பித்தால் முதல் மாதம் வீட்டார் கூடவே இருக்க வேண்டும். இருப்புக் கொள்ளாமல் அலைவது, எரிந்து விழுவது, பேச்சில் சாவு தலைகாட்டுவது எது தெரிந்தாலும் அன்றே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி, தேறிய பிறகு. சிகிச்சை முறியும் இரண்டாவது இடம் இது. மூன்றாம் மாதம் மனம் தெளிந்ததும் "நல்லாயிட்டோமே, இன்னும் எதுக்கு?" என்று தோன்றும். முதல் முறை மனச்சோர்வு வந்தவர், முழுக்கத் தெளிந்த பிறகும் ஆறிலிருந்து ஒன்பது மாதம் அதே அளவில் தொடர வேண்டும். பதற்ற நோய்க்கு ஒரு வருடம். இரண்டு மூன்று முறை திரும்பி வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ. இங்கிலாந்தில் நடந்து 2021இல் வெளியான ஆன்ட்லர் என்ற ஆய்வு, நீண்ட காலம் மருந்து சாப்பிட்டு, இப்போது நலமாக இருப்பவர்களை இரண்டாகப் பிரித்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 39 சதவீதத்தினருக்கும், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதத்தினருக்கும் ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. இதை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். தொடர்வது காக்கிறது, அதே சமயம் நிறுத்தியவர்களிலும் 44 சதவீதத்தினர் அந்த ஒரு வருடம் நன்றாகவே இருந்தார்கள். வாழ்நாள் முழுக்க என்று யாருக்கும் முதல் நாளே எழுதிவைக்கப்படுவதில்லை.

நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற வெட்டு எல்லாம் வரலாம். பராக்ஸெட்டினிலும் வென்லாஃபாக்ஸினிலும் இது அதிகம். உடம்பில் நெடுநாள் தங்கும் ஃப்ளுஆக்ஸெட்டினில் குறைவு. இது போதைக்கு ஏங்குவது இல்லை. மருந்துக்குத் தக்கபடி மாறியிருந்த மூளை திரும்பிப் பழகுவது. வாரக்கணக்கில், பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். கடைசிச் சிறு அளவுகளில்தான் இன்னும் மெதுவாகப் போக வேண்டும். நிறுத்திய சில நாளிலேயே வருவது பெரும்பாலும் இந்த விடுபடும் தொந்தரவு. சில வாரம் கழித்து மெல்ல ஏறி வருவது நோய். பரீட்சை, கல்யாணம், வேலை மாற்றம் நடக்கும் நேரத்தில் குறைக்க ஆரம்பிக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவுக்கும் போகலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் எண் 14416ஐ எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் அடுத்த மருத்துவர் சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே அழையுங்கள், அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.